இரண்டாம் நம்பர் திரை

அத்தியாயம் ஆறு

மூன்றாவது மாடிக்குப் படி ஏற ஏற ரேடியோவின் நடை தளர்ந்துகொண்டே வந்தது.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. வாய் ஓயாது என்பதால் பார்த்தவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்தது. துப்பறியும் தொழில் செய்யும் தன் அண்ணிக்கு அவன்தான் உதவியாள், டிரைவர், போட்டோகிராபர், பொழுது போகாத நேரத்தில் பொழுதுபோக்கு, எல்லாம். கல்யாணமாகி வந்த மறுமாதமே கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வாயை வீட்ல வெச்சா எனக்குத் தலைவலி, தொழில்ல வெச்சா அடுத்தவனுக்குத் தலைவலி" என்று தன்னோடு சேர்த்துக்கொண்டவள் அண்ணி.

"என்ன ரேடியோ, சத்தத்தையே காணோம்?"

"படி ஏறும்போது பேசினா மூச்சு வாங்கும் அண்ணி."

"போன வாரம் ஏழு மாடி ஏறினப்ப, லிஃப்ட் ரிப்பேர்காரன் குடும்பக் கதை மொத்தத்தையும் சொல்லிட்டு வந்தியே."

 மாடி வந்ததும் ரேடியோ இடது பக்கம் திரும்பி, ஓரத்துக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். அண்ணி கையிலிருந்த சீட்டில் கதவு எண்ணைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மணியை அடித்தாள்.

இந்தக் கதவு ரேடியோவுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்று பெரிய அட்டைப்பெட்டிகளோடு இதே வாசலில் நின்றிருக்கிறான். அன்றைக்கு அண்ணி அவனை ஒரு பாத்திரக்கடை வாசலைக் கண்காணிக்கச் சொல்லியிருந்தாள். "பல்லு வலி அண்ணி, உயிர் போகுது" என்று புளுகிவிட்டு, பழைய கம்ப்யூட்டர் கடை நண்பனுக்காக இந்த வீட்டுக்கு மானிட்டர் மாட்ட வந்துவிட்டான். அண்ணி இரண்டு நாள் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்தக் கஞ்சி இன்றுவரை அவனுக்குச் செரிக்கவில்லை.

கதவு திறந்தது. நல்லவேளை, திறந்தவள் அவனைப் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டில் இருந்தது அவள் கணவர் மட்டும்தான்.

"உள்ள வாங்க மேடம். அஞ்சு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள எதுவும் கண்டுபிடிக்கலைன்னா கம்பெனி லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துடுவாங்க."

அவள் சீரியல்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். நாடே பைத்தியம் பிடித்துப் பார்க்கும் ஒரு தொடரின் கடைசி எபிசோட் ஸ்கிரிப்டை கம்பெனி அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில், செத்துப்போன அப்பா வந்து கதவைத் தட்டுகிறார். அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ பிடித்துப் பரப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பா கதவைத் தட்டாத போனே ஊரில் இல்லை.

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?" அண்ணி நேராகக் கேட்டாள்.

அவள் கண் தரைக்குப் போனது. "இந்த வீட்ல ரெண்டே பேர்தான் மேடம். நான் எடுக்கல."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். நான் இல்லைன்னார். ஸ்கூல்ல அவரோட வேலை பாக்கறவங்க, முடிவு என்ன, முடிவு என்னன்னு தினமும் அவரை அரிச்சிருக்காங்க. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே, 'ஒரு போட்டோ எடுத்துக் காட்டிடவா'ன்னு எங்கிட்டயே கேட்டார். நாலு நாளா நான் அவர்கிட்ட பேசல. அவர் ஹால்ல படுக்கிறார்."

கணவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சனிக்கிழமையானாலும் ஓட்டப்பந்தயப் பயிற்சிக்குப் போயிருந்தார். நாலரைக்கு வந்துவிடுவார் என்றாள். ரேடியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால்.

வேலை அறைக்குள் போனார்கள். மேஜைமேல் மூன்று மானிட்டர்கள். இடது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டும் அகலவாட்டில். வலது பக்கம் இருந்தது மட்டும் நெட்டுக்குத்தாக. ஒவ்வொன்றின் கீழ்ச் சட்டத்திலும் மஞ்சள் ஸ்டிக்கரில் நம்பர்: 1, 2, 3.

"எதுக்கும்மா மூணு?" என்றாள் அண்ணி. "கண்ணு ரெண்டுதானே?"

அது ரேடியோ அடிக்க வேண்டிய ஜோக். அவன் வாயைத் திறக்காததால் அண்ணியே அடிக்க வேண்டியதாகிவிட்டது.

"ஒரே ஸ்க்ரீன்ல இருந்தப்போ வீடியோவை மூடி ஸ்கிரிப்டைத் திறந்து, ஸ்கிரிப்டை மூடி டைப் பண்ணி, ஒரு எபிசோடுக்கு ரெண்டு நாள் ஆகும் மேடம். எந்த வரியில விட்டோம்னு தேடியே பாதி நேரம் போயிடும். இப்ப இடது பக்கம் படம் ஓடும். நடுவுல டைப் பண்ணுவேன். வலது பக்கம் ஸ்கிரிப்ட், ஒரு பக்கம் முழுசா, மேலயும் கீழயும் தள்ளாமத் தெரியும். ஒரே நாள்ல ஒரு எபிசோட் முடிஞ்சிடுது." அவள் குரல் இறங்கியது. "அவர்தான் வாங்கிக் கொடுத்தார். நான் ஊருக்குப் போயிருந்தப்போ ஆளை வெச்சு மாட்டிட்டு, நான் திரும்பி வந்ததும் கண்ணைப் பொத்தி இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்தார்."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணி போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். நடுவில் ஸ்கிரிப்ட் பக்கம். இரண்டு பக்கமும் கரும் இருட்டு.

"கம்பெனியில என்ன சொல்றாங்க?"

"விளக்கை அணைச்சுட்டு இருட்டுல எடுத்திருக்காங்க, வீட்டுக்குள்ள இருக்கற ஆள்தான்னு மேனேஜர் சொல்றார்."

"ரேடியோ, ஜன்னலைச் சாத்து. லைட்டை அணை. அதே பக்கத்தை அந்த நெட்டை மானிட்டர்ல வெச்சு ஒரு போட்டோ எடு."

எடுத்தான். அண்ணி இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சப்டைட்டில் எழுதுகிறவளிடம் நீட்டினாள்.

"என்ன வித்தியாசம், சொல்லுங்க."

"இதுல கீபோர்ட் லேசாத் தெரியுது. சுவர் தெரியுது. மூணாம் நம்பர் ஸ்டிக்கர்கூடத் தெரியுது."

"ஆமா. மானிட்டர் வெளிச்சம் நாலு பக்கமும் வழியும். இருட்டு ரூம்ல எடுத்தா இருட்டு இப்படித்தான் கலங்கித் தெரியும். ஆனா திருடன் எடுத்த போட்டோவுல ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி கறுப்பு. அது இருட்டு இல்லம்மா. நெட்டை ஸ்க்ரீன்ல இருக்கறதை அகலமான ஸ்க்ரீன்ல காட்டினா ரெண்டு பக்கமும் காலியா நிக்குமே, அந்தக் கறுப்பு. போன்ல நிக்க வெச்சு எடுத்த வீடியோவை டிவில போட்டுப் பாருங்க, இதேதான் வரும்."

"அப்படின்னா?"

"இதை எடுத்தவன் இந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. உங்க ஸ்கிரிப்ட் பக்கம்தான் வேற எங்கயோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போயிருக்கு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நான் யாருக்கும் அனுப்பலயே மேடம். சத்தியமா அனுப்பல."

"செவ்வாய்க்கிழமை யார்கூடயாவது கம்ப்யூட்டர்ல பேசினீங்களா?"

"காலைல ஒரு பயிற்சி எடுத்தேன். புதுசா சேர்ந்த பதினாலு பேருக்கு, எப்படி டைப் பண்றதுன்னு. வழக்கமா டைப் பண்ற அந்த ஒரு ஜன்னலை மட்டும்தான் அவங்க ஸ்க்ரீன்ல தெரியற மாதிரி ஷேர் பண்ணுவேன். அன்னிக்குக் குட்டிக் குட்டிப் பெட்டியெல்லாம் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அதனால முதல் தடவையா முழு ஸ்க்ரீனையும் ஷேர் பண்ணேன். கொஞ்ச நேரத்துல ஒருத்தர், டைப் பண்ற இடம் தெரியலயேன்னார். என்னவோ கோளாறுன்னு அதை நிறுத்திட்டு, பழைய மாதிரியே காட்டிட்டேன்."

"எந்த ஸ்க்ரீன்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஒண்ணா, ரெண்டா, மூணான்னு. நடுவுல இருக்கறதுதானே." அவள் மஞ்சள் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டை அழுத்தினேன்."

ரேடியோ அந்த ஸ்டிக்கரையே பார்த்தான்.

எல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்க்க அழகாக ஒட்டினான். ஒட்டி முடித்த பிறகுதான் கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்த்தான். எந்தத் திரைக்கு எந்த நம்பர் என்று கேட்டால், ஒவ்வொன்றிலும் பெரிதாகக் காட்டும். காட்டியது. ஒன்று, மூன்று, இரண்டு. நடுவில் இருந்தது மூன்று. நெட்டையாக இருந்ததுதான் இரண்டு. ஸ்டிக்கரைப் பிய்த்து மாற்றி ஒட்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஆறு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். இந்த நம்பரை எவன் பார்க்கப் போகிறான் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். படத்தின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

சொல்லிவிடு என்றது மனசு. இப்போதே சொல்லிவிடு. வாயைத் திறந்தான்.

வாசலில் சாவி திருகும் சத்தம் கேட்டது.

டிரில் மாஸ்டர் கழுத்தில் விசிலோடு உள்ளே வந்தார். மனைவியைப் பார்க்காமல் அண்ணிக்கு வணக்கம் சொன்னார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, தம்பி. நல்லா இருக்கீங்களா?" மனைவிக்குக் கேட்கும்படியாக, ஆனால் அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "இந்தத் தம்பிதான் மேடம் ஆறு மாசம் முன்னாடி மூணையும் மாட்டிக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். ஒயர்கூட வெளியத் தெரியாம கட்டிக் கொடுத்துட்டுப் போனார்."

ஒரு அறை வாங்கியிருந்தால்கூட ரேடியோ நிமிர்ந்து நின்றிருப்பான். இந்தப் பாராட்டில் அவன் தலை தொங்கிவிட்டது. அண்ணியின் பார்வை தன் பிடரியில் இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"மேடம், நீங்க இதுக்கு மேல தேட வேண்டாம்." மாஸ்டர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "நான்தான் எடுத்தேன். அஞ்சு மணிக்கு அவங்க மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். இவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்று விரல் இடுக்கில் வந்தது. "எனக்கு அப்பவே தெரியும்."

போட்டோ இந்த அறையில் எடுத்ததல்ல என்று அண்ணி இப்போதுதான் நிரூபித்துக் காட்டியிருந்தாள். நாலு நாள் உள்ளே ஊறிய சந்தேகத்துக்கு முன்னால் அந்த நிரூபணமெல்லாம் எம்மாத்திரம்.

"எப்படி எடுத்தீங்க சார்?" அண்ணியின் குரல் மாறவில்லை.

"போன்ல. லைட்டை அணைச்சுட்டு."

"எந்த மானிட்டர்ல இருந்து?"

மாஸ்டர் மேஜையைப் பார்த்தார். ஓடுகிற பையன்களில் யார் முதலில் வந்தான் என்று தெரியாத மாதிரி தடுமாறினார். "நடுவுல இருக்கே, அதுல."

"ஸ்கிரிப்ட் என்னிக்குமே நடுவுல இருந்ததில்ல. அது எங்க இருக்கும்னுகூட உங்களுக்குத் தெரியல. நீங்க எடுக்கல சார்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வேற யார் எடுத்தா என்ன மேடம். அவ உழைச்சு சம்பாதிச்ச பேர். ஒரு வார்த்தை தப்பா விழுந்துட்டா சாப்பாடு இறங்காது அவளுக்கு. நான் மைதானத்துல விசில் ஊதறவன். என் பேர் போனா ஒண்ணும் குடி முழுகிடாது. விடுங்க."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பது. ரேடியோ அந்த மனிதரின் செம்மண் படிந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். ஊரில் இருக்கிற விஷயத்துக்கெல்லாம் வாய் திறக்கிறாய், இதற்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா?

"அந்த நம்பர் தப்பு" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஸ்டிக்கர் நம்பர் தப்பு மேடம். நான்தான் ஒட்டினேன். ஒட்டும்போதே தெரியும்." அவன் மேஜைக்குப் போய் மௌஸைப் பிடித்தான்.  திரை அமைப்பைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினான். மூன்று திரையிலும் வெள்ளை எண்கள் பெரிதாக எழுந்து நின்றன. மஞ்சள் இரண்டுக்கு மேலே வெள்ளை மூன்று. மஞ்சள் மூன்றுக்கு மேலே வெள்ளை இரண்டு.

சப்டைட்டில் எழுதுகிறவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது.

"அப்ப அன்னிக்கு நான் காட்டினது..."

"ஸ்கிரிப்ட் மேடம். கடைசிப் பக்கம். பதினாலு பேருக்கும்."

"நீங்க இங்க வந்து ஒரு மணி நேரம் ஆச்சு."

"ஆமா மேடம்."

"அவர் பழியை ஏத்துக்கிட்டப்பகூட பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா மேடம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று ரேடியோவுக்கு இருந்தது.

அண்ணி ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "மேனேஜருக்குப் போன் போடுங்கம்மா. பயிற்சிக்கு வந்த பதினாலு பேரும் இந்த மீட்டிங்ல இருக்கணும்னு சொல்லுங்க. எல்லாரும் கேமராவைப் போட்டுட்டு." பிறகு ரேடியோவின் காதருகே வந்தாள். "மாடிப்படில நீ இடது பக்கம் திரும்பினப்பவே, நீ இங்க முன்னாடி வந்தவன்னு எனக்குத் தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். பல்லு வலியைப் பத்தி வீட்ல பேசிக்கலாம்."

ஐந்து மணிக்கு நடுத்திரையில் மேனேஜரும் பதினாலு முகங்களும் வரிசை வரிசையாக வந்தார்கள். மேனேஜர் இறுகிய முகத்தோடு ஆரம்பித்தார். அண்ணி இரண்டே வாக்கியத்தில் அவரை நிறுத்திவிட்டு ரேடியோவை முன்னால் தள்ளினாள். அவன் சொன்னான். ஸ்டிக்கர், நம்பர், சினிமா டிக்கெட், ஒன்றையும் மறைக்கவில்லை. பதினைந்து பேர் முன்னால் தன் அலட்சியத்தைச் சொல்லும்போது, ஒரு ஜோக்காவது வந்து காப்பாற்றாதா என்று இருந்தது. வரவில்லை.

"இப்ப இவங்க அன்னிக்குப் பண்ணின அதையே பண்ணப் போறாங்க" என்றாள் அண்ணி. "என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க."

சப்டைட்டில் எழுதுகிறவள் முழு ஸ்க்ரீன் என்பதைத் தேர்ந்தெடுத்து இரண்டை அழுத்தினாள்.

"ஸ்கிரிப்ட் வருது" என்றார் மேனேஜர். சற்று நின்று, தன் போனில் இருந்த போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கறுப்பு. அதே கறுப்பு."

"எடுத்த ஆள் சுத்தி இருந்த முகங்களை வெட்டிட்டான். கறுப்பை ரூம் இருட்டுன்னு நாம நினைப்போம்னு விட்டுட்டான்."

அண்ணி இதைச் சொல்லும்போது திரையில் ஸ்கிரிப்டைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஓரத்துப் பெட்டி சட்டென்று கறுத்தது. அதில் இருந்த ஆள் கேமராவை அணைத்துவிட்டான்.

"கேமராவைப் போடுங்க தம்பி" என்றார் மேனேஜர். போடவில்லை. இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்பதற்குள் பெட்டியே காணாமல் போய்விட்டது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவசரப்பட்டு வீட்டு ஆள் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமை அடுத்த தொடரை அனுப்புவதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. மாஸ்டர் எப்போது எழுந்து வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அவர் வாசலுக்கு வெளியே, மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி முன்னால் இறங்கிப் போனாள். ரேடியோ அவர் எதிரே நின்றான்.

"சார், என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

"எதுக்குத் தம்பி. நம்பர் மாறிப்போச்சு, அவ்வளவுதானே. அது யாருக்கும் நடக்கும்." அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே பேசினார். "நீங்க வாயைத் திறக்கலைன்னா நான்தான் திருடன்னு முடிஞ்சிருக்கும். அதுக்கும் நான் தயாராத்தான் இருந்தேன். ஆனா நான்தான் எடுத்தேன்னு சொன்னதும் அவ ஒரு கேள்வி கேட்கல பாத்தீங்களா. ஏன் பொய் சொல்றீங்கன்னு கேட்பான்னு நினைச்சேன் தம்பி. மேடம் கேட்டாங்க. அவ கேட்கல. 'எனக்குத் தெரியும்'னு சொன்னா."

 மாஸ்டரின் தோளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே அவர் மனைவி கதவுநிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைக்கவும் அவளால் முடியவில்லை, உள்ளே திரும்பிப் போகவும் முடியவில்லை.

மாஸ்டருக்கு அது தெரியாது. அவர் படிக்கட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"சார்" என்றான் ரேடியோ. "அவங்க உங்களுக்குப் பின்னாலதான் நிக்கறாங்க."

சொல்லிவிட்டு மளமளவென்று இறங்கினான். அவர் திரும்பினாரா இல்லையா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.